ஊசி என் கையில், செய்தி உன் காதில்

மக்கா,

நேற்று நீ போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். மதுரையிலிருந்து அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றுகொண்டு, "யாரைக் கேட்டு ராயகிரிக்குப் போனீய? கல்யாணத்தைக் கெடுத்துட்டீயளே" என்றாய். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் வீட்டில் போய் என் வியாதியைச் சொல்லிவிட்டேன், அதுதான் நான் செய்த குற்றம். உன் பெரியப்பா உனக்குப் போன் போட்டிருக்கிறார், நீ வேலை பார்க்கிற பாலிடெக்னிக்கில் லீவு சொல்லிவிட்டு ஓடிவந்திருக்கிறாய். "அல்சர்னுதானே அவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கோம்" என்று என்னிடமே சொன்னாய் பார், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ஏலே, எனக்கு இருக்கது புத்துநோய். வயித்தைத் திறந்து பாத்துட்டு எடுக்க முடியாதுன்னு மூடிட்டாவ. எனக்கு எல்லாம் தெரியும். மூணு மாசமாத் தெரியும்" என்றேன். உன் முகத்தில் இருந்த கோபம் அப்படியே நின்றுவிட்டது. "தெரியும்னா என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாய். நான் தண்ணீர் மொண்டு வருகிற சாக்கில் உள்ளே போனேன். நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்துப் போய்விட்டாய்.

நேரில் பேசினால் நாம் சண்டைதான் போடுவோம். நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய், நீ சொல்வதற்குள் நான் குறுக்கே விழுவேன். அதனால் எழுதுகிறேன். கதைப்புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற மாதிரி இதைப் படிக்காதே. முதலிலிருந்து படி. என் கை இப்போது முன்னைப்போல் இல்லை, ஊசி குத்திக் குத்தி நரம்பு கட்டிப்போய்க் கிடக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அதையே பிடித்துக்கொள்வாய். மறைத்தது முதலில் நீ இல்லை, நான்தான். போன தீபாவளிக்கே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோகிற மூன்று இட்லி இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று, கடைசியில் அந்த ஒன்றையும் பாதி பிட்டுக் காக்காய்க்குப் போட்டேன். நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். மருந்துக்கடையில் அந்த வெள்ளை மருந்தைப் பாட்டில் பாட்டிலாக வாங்கிக் குடித்துவிட்டு, கேஸ் ட்ரபிள் என்று சொல்லித் திரிந்தேன். உடம்பு இளைத்தது உனக்குத் தெரியக் கூடாதென்று, நீ பொங்கலுக்கு வருவதற்கு முந்தின வாரம் என் ரவிக்கைகளை எல்லாம் பிரித்து உள்ளே பிடித்துத் தைத்தேன். மலம் கறுப்பாகப் போயிற்று, அதையும் யாரிடமும் சொல்லவில்லை. நீ வந்தாய், "அம்மா, கொஞ்சம் மெலிஞ்சிட்டீயளோ?" என்றாய். "ஒனக்குக் கண்ணாடி போடணும்லே" என்றேன். நீயும் நம்பிவிட்டாய். மாசி மாதம் ஒரு நாள் தென்காசிக்கு ஒரு லைன் கேட்டவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, காதில் மாட்டிய ஹெட்போனோடு போர்டின் மேலேயே சாய்ந்து விழுந்தேனே, அன்றைக்குத்தான் என் குட்டு உடைந்தது. தீபாவளிக்கே வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாமோ என்னவோ என்று டாக்டர் பின்னால் சொன்னார். இது என் தலையில் நானே போட்டுக்கொண்டது. இதற்கு நீ பொறுப்பில்லை.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நீ பொறுப்பு. மதுரையில் வாய் வழியாகக் குழாயை விட்டுப் பார்த்தார்கள், வயிற்றைத் திறந்தார்கள், மூடினார்கள். எனக்கு நினைவு வந்தபோது நீ கட்டில் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றாய். "அல்சரைச் சுத்தம் பண்ணியாச்சும்மா, இனி ஊசி மட்டும் போட்டா போதும்" என்றாய். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ பிறந்ததிலிருந்து பல் தெரியச் சிரித்தவன் இல்லை. பங்குனிக் கடைசியில் முதல் ஊசி. ஒன்றல்ல, மூன்று. ஒன்று தண்ணீர் மாதிரி, ஒன்று ரோஸ்மில்க் கெட்டிப்பட்ட மாதிரிச் சிவப்பு, இன்னொன்று நாவல்பழச் சாற்றின் நிறம். நர்ஸ் அந்தச் சிவப்பு மருந்தை ஏற்றும்போது என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்சம் எரிஞ்சாலும் உடனே சொல்லணும்மா, வெளிய கசிஞ்சா சதையே புண்ணாப் போயிரும்" என்றாள். அல்சருக்கா இவ்வளவு பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் ஒன்றுக்குப் போனால் சிவப்பாக வருகிறது. இரத்தம் என்று நினைத்து நான் அலறியதில் உன் ரூம் வீட்டுக்காரி ஓடிவந்துவிட்டாள். "அல்சர் மருந்தோட கலர் அப்படித்தாம்மா" என்று நீ சொன்னாய். அப்புறம் இரண்டு நாள் வாந்தி. குடலே வெளியே வந்து விழும் போல. அந்த இரண்டு நாளும் நீ வாளியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் நெற்றியைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அதை நான் மறக்கவில்லை. அதை மறந்துவிட்டுத் திட்டுகிறேன் என்று நினைக்காதே. நெற்றியைத் தாங்கத் தெரிந்த கைக்கு ஒரு உண்மையைத் தாங்கத் தெரியாதா என்பதுதான் என் எரிச்சல்.

ஊருக்கு வந்தால் வீடு நிறைய ஆட்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது. அதுவும் எனக்குத் தெரியாது. ஒருத்தி அம்மன் கோவில் புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்து, முழுசாகக் குடித்தால்தான் போவேன் என்று உட்கார்ந்தாள். ஒருத்தர் அருகம்புல் சாறு. இன்னொருத்தர் மலையாள நாட்டில் ஒரு வைத்தியர் இருக்கிறார், கையைப் பிடித்துப் பார்த்தாலே சரியாகிவிடும் என்றார். சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டு, வாசலில் போய் மூக்கைச் சிந்தினார்கள். சாதாரண அல்சருக்கு யார் மூக்கைச் சிந்துவார்கள்? உன் பெரியப்பா மட்டும் என் கண்ணைப் பார்க்காமல் சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்த்தே பேசினார். வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் குடித்தால்கூட மிளகாய் வைத்த மாதிரி எரிந்தது. மூன்றாவது வாரம் தலை சீவினால் சீப்போடு கொத்தாக முடி வந்தது. அடுத்த நாள் தலையணை முழுக்க முடி.

அப்போதுதான் எஸ்தர் வந்தாள். உனக்குத் தெரியும், எக்ஸ்சேஞ்சில் எனக்கு அடுத்த நாற்காலி அவள்தான், பன்னிரண்டு வருஷமாக. வந்தவள் என் தலையைப் பார்த்தாள், தலையணையைப் பார்த்தாள், உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "ஏட்டி, அல்சருக்கு முடி கொட்டுமா? நீயாவது சொல்லு" என்றேன். "அக்கா, நான் சொல்லக்கூடாதுக்கா. போர்டுல கேட்டதை வெளிய சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீய" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்த அன்று நீ மதுரையிலிருந்து பெரியப்பாவுக்கு ட்ரங்க் கால் போட்டிருக்கிறாய். நம் ஊருக்கு வருகிற எந்தக் காலும் எந்தப் போர்டு வழியாகப் போகும் என்று யோசிக்கக்கூட உனக்குத் தோன்றவில்லை. லைன் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க எஸ்தர் காதில் வைத்திருக்கிறாள். நீ அழுதுகொண்டே சொன்னது முழுக்க அவள் காதில் விழுந்திருக்கிறது. ஊரில் பாதிப் பேருடைய நல்லது கெட்டதும் இருபது வருஷமாக என் காது வழியாகத்தான் போயிருக்கிறது மக்கா. என்னுடைய கெட்ட செய்தி மட்டும் என் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி வழியாக, என்னைத் தாண்டிப் போயிருக்கிறது. "சட்டம் கிடக்கட்டும்ட்டி, சொல்லு" என்றேன். சொன்னாள். நான் அழவில்லை. எனக்கு வந்தது கோபம். வியாதி மேல்கூட இல்லை, உன்மேல்.

அடுத்த தடவை மதுரைக்கு வந்தபோது, நர்ஸ் எழுதிக் கொடுத்த மருந்தை வாங்க நீ வெளியே போனாய் அல்லவா, அந்தக் கால் மணி நேரத்தில் டாக்டரிடம் கேட்டேன். "உங்க பையன் சொல்ல வேண்டாம்னு ரொம்பக் கேட்டுக்கிட்டார்மா" என்றார். "வயிறு அவனுதா என்னுதா டாக்டர்?" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். நல்ல மனுஷர். புற்றுநோய் இரைப்பையை விட்டு வெளியே பரவிவிட்டது, அதனால் வெட்டி எடுக்க முடியவில்லை என்றார். ஒரு மருந்து தனியாகக் கொடுத்தால் அவ்வளவாகக் கேட்பதில்லை, மூன்றும் மூன்று விதமாக அடிக்கும், அதனால் சேர்த்துக் கொடுக்கிறோம், இதைக் கீமோதெரபி என்கிறோம் என்றார். எட்டு வாரம் ஒரு சுற்று. முதல் நாள் மூன்று மருந்தும், ஒரு வாரம் கழித்து ஒன்று, மாதம் கழித்து இரண்டு, திரும்ப ஒன்று. "இது முழுசாக் குணமாக்குமா?" என்றேன். "இல்லம்மா. சிலருக்குக் கட்டி சுருங்கும். சுருங்கினா வலி குறையும், கொஞ்சம் சாப்பிடலாம், கொஞ்ச காலம் கூடக் கிடைக்கும். பலருக்குச் சுருங்குறதும் இல்ல. வேண்டாம்னா நிறுத்திரலாம், அது உங்க இஷ்டம்" என்றார். என் இஷ்டம் என்று ஒருத்தர் சொன்னது அந்த இரண்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை. நான் யோசித்தேன். ஒரு தட்டு ரசம் சோறு வலி இல்லாமல் உள்ளே போக வேண்டும், அது போதும் என்று தோன்றியது. "ரெண்டு சுத்து போடுங்க. அப்புறம் படம் எடுத்துப் பாப்போம். கேக்கலேன்னா நிறுத்திருவோம்" என்றேன். "எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லாதீங்க" என்றும் சொன்னேன். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மாவும் பையனும் சேர்ந்து என்னை நடுவுல நிக்க வச்சிட்டீங்க" என்றார்.

இதுதான் நீ கேட்ட கேள்வி. ஏன் சொல்லவில்லை? நேற்றிலிருந்து யோசிக்கிறேன். முதலில் கோபத்தில் செய்தேன். எவ்வளவு தூரம் போகிறாய் பார்ப்போம் என்று இருந்தேன். நீ "இன்னும் நாலு ஊசிதாம்மா, அல்சர் ஆறிரும்" என்று சொல்லும்போது, "அப்படியாலே" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வேன். உன்னைத் தண்டிக்கிறேன் என்று நினைத்தேன். பிறகு அது பழகிப்போயிற்று. நீ பொய் சொன்னால் நான் கேட்பது, நான் கேட்டால் நீ கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவது. பேசாமல் இப்படியே ஓட்டிவிடலாம் என்றுகூட இருந்தது. ஆனால் அடியில் வேறு ஒன்று இருந்தது, அதைச் சொல்லத்தான் இத்தனை தாள் செலவழிக்கிறேன். இந்தப் பொய்யை நீ யாரிடம் கற்றாய் என்று எனக்குத் தெரியும்.

உன் அப்பா திருவேங்கடத்தில் பருத்தி எடை போடப் போன இடத்தில் மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது உனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் இருந்தாய். "சின்னப் பிள்ள, தாங்க மாட்டான். சித்தி வீட்டுக்கு அனுப்பிரு, பதினாறு கழியட்டும்" என்றார் உன் பெரியப்பா. அவர்மேல் பழி போடவில்லை. அவர் சொன்னார், செய்தது நான். என் தங்கையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, அங்கேயிருந்தே உன்னை வாசுதேவநல்லூர் பஸ்ஸில் ஏற்றச் சொன்னேன். அப்பாவுக்குக் காய்ச்சல், திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொல்லச் சொன்னேன். உன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது பெரியப்பா மகன். பெற்ற பிள்ளை நீ இருக்கும்போது. பதினேழாம் நாள் நீ ஒரு துணிப்பை நிறையக் கொடுக்காப்புளியோடு வந்தாய். "அப்பாக்கு" என்றாய். அதை வாங்கி அடுப்படியில் வைத்தேன், அப்போதும் வாய் திறக்கவில்லை. நீயாக உள்ளே போய், மாலை போட்ட படத்தைப் பார்த்தாய். பார்த்துவிட்டு வெளியே வந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு விளையாடப் போய்விட்டாய். "பாத்தியா, பிள்ள தாங்கிட்டான், நாம செஞ்சது சரிதான்" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் அவரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை என்பது, என் முறை வந்து நீங்கள் என்னிடம் மறைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. நல்லதுக்குத்தான் என்று நினைத்து ஒருத்தரை வெளியே நிறுத்தினால் அது எப்படி இருக்கும் என்று எனக்கு இந்தச் சித்திரையில்தான் தெரிந்தது. உனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும்.

சரி, ராயகிரிக்கு வருகிறேன். கல்யாணம் தையில் என்று பேசியிருந்ததை நீயும் பெரியப்பாவும் ஆவணிக்கு முன்னே இழுத்தீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியாதா? அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஆனிக் கடைசியில் இரண்டாம் சுற்றின் கடைசி ஊசிக்கு வந்தபோது அந்த நர்ஸ், "அடுத்த சுத்து ஆவணி கடைசிலதானேம்மா, கல்யாணம் முடிஞ்சு? உங்க பையன் சொல்லிட்டார்" என்றாள். நான் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன். மேடையில் என்னைப் பட்டுச்சேலை கட்டி நிறுத்துவதற்காக என் மருந்தை ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டிருக்கிறாய். என்னைக் கேட்காமல். வாந்தி எடுக்கிறது நான், முடி கொட்டினது எனக்கு, கை நரம்பு கறுத்துக் கிடக்கிறது எனக்கு. நாள் குறிக்கிறது மட்டும் நீயா? அந்தப் பெண் வீட்டுக்காரர்களும் என்ன ஏதென்று தெரியாமல் பந்தல்காரனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்தேன். போன வியாழக்கிழமை தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

முற்றத்தில் மிளகாய் வற்றல் காயப் போட்டிருந்தார்கள். அந்த நெடியிலேயே எனக்குக் குமட்டியது. உனக்குப் பேசியிருக்கிற சுந்தரியின் அம்மா உலகம்மாள் ஓடிவந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுத்தான் சொன்னேன். "மதினி, எனக்கு அல்சர் இல்ல. வயித்துல புத்துநோய். எடுக்க முடியாது. மருந்து போட்டுக்கிட்டு இருக்கேன். அடுத்த ஊசியைக் கல்யாணத்துக்குப் பெறவுன்னு தள்ளி வச்சிருக்கான்" என்று சொல்லி முக்காட்டை எடுத்தேன். அவள் என் தலையைப் பார்த்தாள். "இது ஒட்டுமா மதினி?" என்றாள். நேராகக் கேட்டாள், எனக்கு அது பிடித்திருந்தது. "ஒட்டாது. டாக்டர்ட்ட நானே கேட்டுட்டேன்." "பிள்ளைகளுக்கு வருமா?" "வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாதுன்னாரு. எங்க வீட்டுல எனக்கு முன்னால யாருக்கும் கிடையாது. நாளைக்கு அவன் வயித்துவலின்னா வெள்ளை மருந்தைக் குடுத்துப் படுக்கப் போடாம டாக்டர்ட்ட இழுத்துட்டுப் போகணும், அவ்வளவுதான்" என்றேன். சுந்தரி அடுப்படி நிலையில் நின்றுகொண்டிருந்தாள். "அத்தை, ஆவணில முகூர்த்தம் வைக்கதுக்காகவா ஊசியைத் தள்ளிப் போட்டாவ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். அவள் அப்பா, "யோசிச்சுச் சொல்லுதோம்" என்றார். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே வந்து, கண்டக்டரிடம் எனக்கு உட்கார இடம் பார்த்துக் கொடுக்கச் சொன்னார். இதைத்தான் நான் கல்யாணத்தைக் கெடுத்தது என்கிறாய். ஒருவேளை கெட்டுத்தான் போயிற்றோ என்று நானும் பஸ்ஸில் வரும்போது பயந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

*

இதுவரை எழுதி வைத்துவிட்டு இரண்டு நாள் தாளைத் தொடவில்லை. கை வலி ஒன்று, உன்னிடமிருந்து ஒரு கார்டாவது வருகிறதா என்று பார்த்தது இன்னொன்று. வரவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் உலகம்மாளும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். செய்தி எப்படித் தெரிந்ததோ, பின்னாலேயே உன் பெரியப்பாவும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

சுந்தரியின் அப்பா சுற்றி வளைக்கவில்லை. "வியாதி வாரதுக்கு யாரு என்ன பண்ண முடியும்? அது எங்களுக்குக் கணக்கில்ல. ஆனா மாப்பிள்ள எங்க வீட்டுல வந்து உக்காந்து, ஒரே பாயில சாப்புட்டுட்டு, எங்க அம்மாவுக்கு அல்சர்னு சொன்னாரு. நாளைக்கு என் பிள்ளைக்கு ஒண்ணுன்னா என்கிட்ட என்னத்தைச் சொல்லுவாரு?" என்றார். "அவன் நல்லதுக்குத்தான்..." என்று பெரியப்பா ஆரம்பித்தார். "போதும், நீங்க பேசாதீங்க" என்றேன். அவர் எதிரே நான் அப்படிப் பேசியது என் கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. "அண்ணாச்சி, அவன் அதை என்கிட்டதான் படிச்சான்" என்று சுந்தரியின் அப்பாவிடம் சொன்னேன். உன் அப்பா செத்ததை உனக்கு மறைத்ததைச் சொன்னேன், கொடுக்காப்புளியையும் சொன்னேன். உலகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு, "நான்தாம்மா அனுப்பச் சொன்னேன்" என்றார்.

அப்புறம் உலகம்மாள்தான் பேசினாள். "சுந்தரி சொல்லிவிட்டிருக்கா மதினி. கல்யாணம் முதல்ல பேசின மாதிரி தையிலயே இருக்கட்டுமாம். ஒங்க ஊசி ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாதாம். அப்புறம் மாப்பிள்ள ஒரு தடவை தனியா வந்து, என்ன நடந்ததுன்னு அவர் வாயால சொல்லணுமாம். அதைக் கேட்டுட்டுத்தான் மத்ததைச் சொல்லுவாளாம்." நான், "தையில நான் இருப்பேன்னு என்னால சொல்ல முடியாது மதினி" என்றேன். "அதை நாங்க கேக்கலியே" என்றார் அவள் வீட்டுக்காரர். இவ்வளவுதான் நடந்தது. கல்யாணம் கெடவில்லை, நிச்சயமாகவும் இல்லை. இனி அது உன் கையில் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் போய் என்ன சொல்வது என்று என்னிடம் கேட்டு எழுதாதே. நான் எழுதிக் கொடுத்து நீ ஒப்பித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் சாமர்த்தியசாலி. பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போகாதே.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கல்யாணம் கட்டப் போகிறவன் என்பதால். ஒருத்தருக்குத் தாங்க முடியாது என்று நாமாக முடிவு பண்ணும்போது, பெரும்பாலும் நமக்குத்தான் தாங்க முடியவில்லை. எனக்கு உன் அழுகையைப் பார்க்கத் தைரியமில்லை, உன்னை வாசுதேவநல்லூருக்கு அனுப்பினேன். மூன்று மாதமாக எனக்குத் தெரியும் என்று உன்னிடம் சொல்லாததற்கும் அதுதான் காரணம். சொன்னால் நீ அழுவாய், நான் பார்க்க வேண்டியிருக்கும். கோபம், தண்டனை என்று மேலே எழுதியதெல்லாம் பாதி உண்மை. இதுதான் மீதி.

நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை நான் மதுரைக்கு வருகிறேன். எஸ்தர் லீவு போட்டுவிட்டாள், அவளும் வருகிறாள். நாளைக் காலையில் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் வழியில் இந்தக் கடிதத்தை மதுரை பஸ் கண்டக்டர் ஒருவரிடம் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன், சாயங்காலத்துக்குள் உன் கைக்கு வந்துவிடும். போன வாரம் அந்தச் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி மருந்தைக் குடிக்க வைத்து எடுத்த வயிற்றுப் படத்தை டாக்டர் அன்றைக்குத்தான் பார்த்துச் சொல்கிறார். மூன்றாம் சுற்றைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நானே நர்ஸிடம் சொல்லிவிட்டேன். சுருங்கியிருந்தால் அன்றைக்கே ஊசி. சுருங்காமல் இருந்தால் நிறுத்திவிடுவது, அதை நானும் டாக்டரும் ஏற்கெனவே பேசிவிட்டோம். நேற்று ஒரு கிண்ணம் ரசம் சோறு சாப்பிட்டேன், பெரிய வலி இல்லை. தொட்டுப் பார்த்தால் அந்தக் கெட்டி கொஞ்சம் குறைந்த மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. என் விரலை நான் நம்பவில்லை. படம் சொல்லட்டும்.

எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வா. எனக்கு முன்னால் உள்ளே போய் டாக்டரிடம் தனியாகப் பேசக் கூடாது, எனக்குப் பின்னால் நின்றுகொண்டு அவருக்குக் கண்ஜாடை காட்டவும் கூடாது. என் பக்கத்து நாற்காலியில் உட்கார். அவர் சொல்வதை இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்போம். அழுகை வந்தால் அங்கேயே அழு, எழுந்து வெளியே ஓடாதே. உன் அப்பாவுக்காக நீ அழுததை நான் பார்க்காமலே விட்டுவிட்டேன். இதையாவது பார்க்கிறேன்.

அம்மா